மீனோடு வந்த ரத்தம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். முதல் தடவை எழுத உட்கார்ந்தபோது பேனா இல்லை. இரண்டாம் தடவை பேனா இருந்தது, டிவியில் ரக்பி வந்துவிட்டது. இது மூன்றாம் தடவை. இதுவும் ரோஷ்னியின் வாய்க்குப் பயந்துதான்.

ரோஷ்னி, இங்கே ஃபிஜியில், சுவாவில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். தினமும் காலையில் சுவாவை ஒட்டிய நசினுவில் என் மினிபஸ்ஸில் ஏறி, எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் காதைத் தின்பாள். "அண்ணா, இப்ப எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு. அப்பல்லாம் யாரு கிட்னி யாருக்குச் சேரும்னு எப்படிப் பாத்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். "மூஞ்சியப் பாத்துதான்" என்றேன். சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா எங்கள் கோயில் ஆண்டு மலருக்குப் பொறுப்பாளர். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பக்கம் இந்த வருஷம் காலியாக இருக்கிறதாம். மறுநாளே நோட்டுப் புத்தகம் ஒன்றை என் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாள்.

என் பெயர் சாமி, வயது முப்பத்து மூன்று. ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பதின்மூன்று வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தேன், பிறகு போதும் என்று வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பெயர் ஓய்வு இல்லையென்றால் வேறு என்ன? என் தமிழ் கோயில் வகுப்பில் கற்றது. பாதி வகுப்பு வெளியே மாமரத்தின் மேல் நடந்தது. பிழைகளை ரோஷ்னியின் அப்பா திருத்துவார். திருத்திய பிறகு நன்றாக இருந்தால் அது நான் எழுதியது.

ஐந்தாம் ஃபாரத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் அதற்கு முன்பே என்னை விட்டிருந்தது. பதினெட்டு வயதில் லேபில் பாட்டில் கழுவச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த மூன்றாம் மாதம் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள். சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு ஒரு வருஷம், எங்கள் லேபில் வெள்ளிக்கிழமை என்றால் கேக். ஒரு வாரம் ஒருவர் சிட்னி போகிறார், அடுத்த வாரம் இன்னொருவர் வான்கூவர் போகிறார். பிரியாவிடை, கண்ணீர், கேக். நான் நன்றாகச் சதை போட்டேன். பதினோரு பேர் இருந்த இடத்தில் நாலு பேர் மிஞ்சினோம். படித்தவர்கள் விமானம் ஏற ஏற, படிக்காத நான் பெஞ்ச் ஏறினேன். ரத்தம் எடுக்கக் கற்றேன், சுழற்றக் கற்றேன், ஒரு நாள் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரச் சொன்னார்கள். கலகத்தால் பதவி உயர்வு பெற்றவர்கள் ராணுவத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

உட்காரச் சொன்னவர் லிட்டியா அம்மா. எங்கள் பிரிவுக்குத் தலைவி. இந்த மண்ணின் பூர்வகுடி ஃபிஜி அம்மாள், ஞாயிறு தவறாமல் சர்ச். எங்களோடு, இங்கே இந்திய வம்சத்தார் எல்லாரும் பேசும் ஹிந்தியில் பேசுவார், எங்களைவிட நன்றாகவே பேசுவார். இங்கே அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார். குரலை உயர்த்திக் கேட்டதில்லை. "நல்லா செஞ்சே" என்று சொல்லியும் கேட்டதில்லை. செல்களை எண்ணும்போது மெல்ல ஒரு தேவாலயப் பாட்டை முனகுவார். முனகல் நின்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம். எழுதுவது எல்லாம் பென்சிலால்தான். "பேனா மை ஸ்பிரிட் பட்டா ஓடிடும். பென்சில் ஓடாது" என்பார். நாட்டைவிட்டு ஓடாதவர்களும் பென்சிலும்தான் அவருக்குப் பிடிக்கும் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வோம்.

ஒரு ட்யூபைக் கையில் எடுத்தால், நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "யாரு? அப்பா பேரு?" என்று கேட்பார். நம் ஊரில் ஒரே பெயரில் நாற்பது பேர் இருப்பார்கள், அதனால்தான் எந்தப் படிவத்திலும் அப்பா பெயரும் வேண்டும். ட்யூபில் எழுதியிருந்தாலும் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ட்யூப் கையிலேயே இருக்கும், அவரும் அப்படியே நிற்பார். ஒரு தடவை நான் வேண்டுமென்றே சொல்லாமல் நின்று பார்த்தேன். டீ நேரம் போனதுதான் மிச்சம்.

இப்போது ரோஷ்னியின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தீவில் கிட்னி மாற்றும் ஆபரேஷன் கிடையாது. நோயாளியும் கொடுப்பவரும் சென்னைக்கோ வேறு எங்கோ போக வேண்டும். போன பிறகு சேராது என்று தெரிந்தால் எல்லாம் வீண். அதனால் இங்கேயே பார்த்து அனுப்புவது எங்கள் வேலை.

பார்ப்பது இரண்டு விதம். முதலாவதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். உங்கள் அப்பாவிடம் இரண்டு சட்டை, அம்மாவிடம் இரண்டு புடவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சட்டை, ஒரு புடவை. உடம்பின் ஒவ்வொரு செல்லும் அந்த இரண்டையும் மேலே மாட்டிக்கொண்டு திரிகிறது. உடம்பின் காவல்காரனுக்கு முகம் தெரியாது, துணிதான் தெரியும். தெரியாத துணியோடு யார் உள்ளே வந்தாலும் அடிப்பான். கூடப் பிறந்தவர்களில் சிலருக்கு இரண்டும் ஒன்றாக அமையும், சிலருக்கு ஒன்று, சிலருக்கு எதுவும் இல்லை. துணியில் என்ன பூ, என்ன கரை என்று கண்டுபிடிக்கும் வசதி எங்களிடம் இல்லை. ரத்தத்தை வெளிநாட்டு லேப் ஒன்றுக்கு அனுப்புவோம். அவர்கள் டி.என்.ஏ.வைப் படித்து ஃபேக்ஸ் அனுப்புவார்கள்.

இரண்டாவதை லிட்டியா அம்மா இங்கேயே செய்தார். துணி எப்படி இருந்தாலும், இரண்டு பேரையும் நேருக்கு நேர் விட்டு சண்டை வருகிறதா என்று பார்ப்பது. கொடுப்பவரின் ரத்தத்தை ஒரு கனமான திரவத்தின் மேல் நடுக்கம் இல்லாமல் ஊற்ற வேண்டும். சுழற்றினால் சிவப்பு கீழே போய்விடும், நடுவில் புகை போல ஒரு வெள்ளை வளையம் நிற்கும். அதுதான் நமக்கு வேண்டிய செல். அதை உறிஞ்சி எடுத்துக் கழுவி, எறும்புக்குக்கூடப் போதாத சொட்டாகத் தட்டின் குழிகளில் விட வேண்டும். அதன் மேல் நோயாளியின் சீரம். அரை மணி நேரம் காத்திருந்து, முயல் ரத்தத்திலிருந்து எடுத்த, பகை இருந்தால் கொன்று முடிக்கும் இன்னொரு சொட்டு. மறுபடி காத்திருந்து, கடைசியில் சாயம். உயிரோடு இருக்கும் செல் சாயத்தை உள்ளே விடாது, சின்னதாக மின்னும். செத்தது சாயத்தைக் குடித்து உப்பிக் கறுத்துக் கிடக்கும். நோயாளியின் குழியில் எல்லாம் கறுத்திருந்தால் அவன் உடம்பு அந்தக் கிட்னியை அன்றைக்கே கொன்றுவிடும் என்று பொருள்.

தட்டின் ஓரத்தில் இரண்டு குழிகள் தனியாக உண்டு. ஒன்றில் யாரை விட்டாலும் கொல்லும் சீரம். இன்னொன்றில் யாரையும் கொல்லாத சாதுவின் சீரம். முதல் குழி கறுக்க வேண்டும், இரண்டாவது மின்ன வேண்டும். அப்போதுதான் மற்ற குழிகளை நம்பலாம். இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று: செல்லைக் குழியில் விடும் முன்பே கொஞ்சம் எடுத்துச் சாயம் போட்டு, உயிரோடு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். "முதல்ல உசுரு இருக்கான்னு பாரு. அப்புறம் பகை இருக்கான்னு பாரு" என்று அம்மா நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் தலையாட்டினேன்.

வேலு என் சிநேகிதன். சுவாவுக்கு வடக்கே இன்னொரு தீவில் இருக்கும் லாபாசாவில், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் அவனும் நானும். ஊரோடு ஹிந்தி, எங்களுக்குள் திட்டிக்கொள்ள மட்டும் தமிழ். அதனால் எங்கள் தமிழ் துருப்பிடிக்கவே இல்லை. அங்கே நசியா என்ற இடத்துப் பையன், எனக்குப் பின்னாலேயே சுவாவுக்கு வந்து மினிபஸ் ஓட்டினான். இருபத்து நாலு வயதில் அவன் கால் வீங்கியது. "ஷூ சைஸ் ஏறுதுடா, இன்னும் வளர்றேன் போல" என்றான். நானும் சிரித்தேன். அது கிட்னி. பிறகு வாரம் இரண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க வேண்டியதாயிற்று. அந்த மெஷினும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ரத்த க்ரூப்பே சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தது அக்கா சரோஜா மட்டும்.

சரோஜா அக்கா புருஷன் பிள்ளைகளோடு ஆக்லாந்துக்குக் குடிபோக இருந்தார். விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இருந்தாலும் "தம்பிக்குச் சேந்தா குடுக்கறேன்" என்று சொல்லியிருந்தார். வெளிநாட்டு ஃபேக்ஸ் வந்தது: ஒரு துணி ஒன்று, ஒரு துணி வேறு. பாதிப் பொருத்தம். அதுவே போதும் என்றார் டாக்டர். இனி நேருக்கு நேர் சண்டை பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்கு உயிருள்ள செல் வேண்டும், புது ரத்தம் வேண்டும்.

அந்த டிசம்பரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. ரோட்டில் செக்போஸ்ட். லாபாசாவிலிருந்து வரும் சின்ன விமானத்தில் அந்த வாரம் இடம் கிடைக்கவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தை, சுவாவுக்கு வரும் உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கப்பலில் அனுப்பினார்கள். ட்யூபோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள்: ஐஸில் வைக்கக் கூடாது. அந்தத் தாளை வேலுவின் அம்மாவுக்கு யாரோ படித்தும் காட்டினார்கள். ஆனால் லாபாசாக்காரர்கள் சுவாவுக்கு வெறுங்கையோடு யாரையும் அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. எஸ்கி என்கிற மூடி போட்ட குளிர்பெட்டியில் மீன் வைத்து, மேலும் கீழும் ஐஸ் போட்டு அனுப்புவார்கள். அந்த அம்மாவும் மகனுக்குப் பிடித்த மடவை மீனைச் சுத்தம் பண்ணி எஸ்கியில் அடுக்கினார். டிசம்பர் வெயில், ஒரு பகலும் ஓர் இரவும் கப்பல். மீனே கெட்டுப்போகும் வெயிலில் மகள் ரத்தம் கெடாதா? தாளில் எழுதினவனுக்கு லாபாசா வெயில் தெரியுமா? ட்யூப் மூன்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, மீனுக்கு நடுவில், ஐஸுக்கு நடுவில் பத்திரமாக வைத்து அனுப்பிவிட்டார்.

பெட்டியை வாங்கித் திறந்தவன் நான். மீன் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்தத் திங்களும் செவ்வாயும் லிட்டியா அம்மா லேபில் இல்லை. புது அரசாங்கம், புதுக் கூட்டங்கள். அவர் வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்திருக்கலாம். ஆனால் சரோஜா அக்கா வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார், அன்று செவ்வாய்க்கிழமை. அதைவிட முக்கியம், வேலுவுக்கு நான்தான் நல்ல சேதி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சுழற்றினேன். வெள்ளை வளையம் மெலிதாக இருந்தது. மேல் நீர் ரோஜா நிறத்தில் இருந்தது. இரண்டையும் பார்த்தேன், இரண்டையும் விட்டுவிட்டேன். உயிர் எண்ணுவதையும் விட்டுவிட்டேன். தட்டை லென்ஸுக்குக் கீழே வைத்து நேராக வேலுவின் குழிக்குப் போனேன். எல்லாம் கறுப்பு. கொல்லும் குழியைப் பார்த்தேன், அதுவும் கறுப்பு, அது சரிதான். சாதுவின் குழியைப் பார்க்கவில்லை. எழுந்துவிட்டேன்.

ரிசல்ட் டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். நான் மத்தியானமே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வேலு மினிபஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன்.

"டேய், உங்க அக்கா செல்லுங்கள ஒண்ணு விடாம போட்டுத் தள்ளிடிச்சிடா உன் ரத்தம். வீட்டுல அவ்ளோ சண்டையா?"

வேலு சிரித்தான். "சின்னதுல பால் டின்னால என் மண்டையில அடிச்சா. ரத்தத்துக்கு ஞாபகம் இருக்கும் போல." பிறகு ஸ்டீரிங்கைத் துடைத்தபடி, "அப்ப அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான்டா."

என் எதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, சேரலியாம். நீ கவலப்படாம கெளம்பு" என்றான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "நசினு, நசினு, ரெண்டு சீட்டு" என்று கூவ ஆரம்பித்தான்.

புதன்கிழமை காலையில் லிட்டியா அம்மா வந்தார். நான் எழுதி வைத்ததைப் படித்தார். ஃபேக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முனகல் நின்றது.

"சாமி, இவனுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்லீங்க."

"வேற யாரு கிட்னியாவது வெச்சாங்களா?"

"இல்லீங்க."

"பிள்ளை பெத்தானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் வெளயாடல. தெரியாத துணிய ஒடம்பு ஒரு தடவயாவது பாத்திருந்தாத்தான் இப்படி அடிக்கும். ரத்தம் ஏத்தினா பாக்கும். பிள்ளை பெத்த அம்மா ஒடம்பு பாக்கும். இவன் எங்க பாத்தான்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆறு வருஷமாகக் குழிகளைப் பார்த்திருக்கிறேன். ஏன் கறுக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கறுத்தால் எழுதுவேன், மின்னினால் எழுதுவேன்.

அம்மா நேற்றைய தட்டை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார். வேலுவின் குழிக்குப் போகவில்லை, நேராக ஓரத்துக்கு, சாதுவின் குழிக்குப் போனார். எழுந்து இடம் விட்டார். "பாரு."

பார்த்தேன். எல்லாம் கறுப்பு.

"இந்தக் குழியில வேலு ரத்தமே இல்ல. யாரயும் கொல்லாத சீரம். இவங்கள யாரு கொன்னது?"

"ஐஸுங்க" என்றேன். "பெட்டியில ஐஸ் இருந்திச்சி."

"வர்றப்பவே செத்து வந்திருக்காங்க. செத்தவங்கள வரிசயா நிக்க வெச்சி யாரு கொன்னான்னு விசாரிச்சி, பக்கத்துல நின்னவன் பேர எழுதியிருக்க." நகத்தால் மேசையை இரண்டு தட்டு தட்டினார். "டாக்டர்கிட்ட போயிடிச்சா?"

"இல்லீங்க."

"வேற யார்கிட்டயாவது?"

"வேலுகிட்டங்க" என்றேன். அவர் பென்சிலை மேசையில் படுக்க வைத்தார். அவர் கோபத்தில் நான் பார்த்த அதிகபட்சம் அதுதான்.

"சொன்னது உன் வாய்தானே. அதே வாயோட போய் மாத்திச் சொல்லு. வரும்போது ரத்தத்தோட வா. டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

டி.என்.ஏ. படிப்பவர்கள் மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னார்கள் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்கத் தோன்றியது. "துணியப் படிக்க உசுரு வேணாம், செத்தவன் சட்டையிலயும் பூ இருக்கும்" என்றார். அவர்களுக்குப் போன ரத்தமும் அநேகமாக மீனோடுதான் போயிருக்கும்.

சரோஜா அக்கா ரத்தத்துக்குப் பின்னாலேயே கப்பலில் குடும்பத்தோடு வந்து, எங்கள் தீவின் மேற்கே விமான நிலையத்துப் பக்கம் நடபுவாவில் புருஷனின் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தார். மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு விமானம். நான் காலி ட்யூப்களோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேலுவிடம் சொன்னேன். இந்தத் தடவை ஜோக் வரவில்லை. அவன் ஏறியிருந்த ஆட்களை இறக்கி வேறு பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, "ஏறு" என்றான். பாதி வழியில், சிங்கடோகா ஆற்றுப் பாலம் தாண்டியதும் பேசினான்.

"என்னக் கொன்னே, சரி. நேத்து போன்ல அக்கா அழுதா. அழுது முடிச்சிட்டு ஒரு மூச்சு விட்டா பாரு. அப்பாடான்னு. அது எனக்குக் கேட்டுதுடா. இப்ப அந்த மூச்ச எப்படித் திரும்ப வாங்குவே?"

நான் மடியில் இருந்த காலி ட்யூப்களை எண்ணினேன்.

நடபுவா வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, பாய் விரித்து, ஆண்கள் நங்கோனா என்னும் வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாவிடை. சரோஜா அக்கா சமையலறையில் ஊறுகாய்ப் பாட்டில்களை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சேரலன்னு சொன்னியே."

"தப்பாப் பாத்துட்டேன் கா. உங்க செல்லு வழியிலயே செத்துடிச்சி. திரும்பப் பாக்கணும்."

அக்கா டேப்பைக் கிழித்தார். "ரெண்டு மாசமா நான் தூங்கல, தெரியுமா? நேத்து தூங்கினேன். கெடச்ச சாமிக்கெல்லாம் கும்புடு போட்டுட்டுத் தூங்கினேன். கூடப் பொறந்தவன் சாகப் போறான்னு தெரிஞ்சும் தூங்கினேன். இப்ப ஊசியத் தூக்கிட்டு வந்து நிக்கறே."

அக்காவின் புருஷன் தேவன் மாமா உள்ளே வந்தார். "நாளைக்கு ப்ளேன் தம்பி. ரெண்டு பிள்ளைங்க. அந்த ஊர்ல எங்களுக்கு யாரத் தெரியும்? இவ வயத்தக் கிழிச்சிக்கிட்டுப் படுத்தா யாரு பாப்பா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

வேலு கதவுக்கு வெளியிலேயே நின்றான். "அக்கா, வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. இவன ரெண்டு சாத்து சாத்தி இழுத்துட்டுப் போறேன்."

அக்கா அவனைப் பார்க்கவில்லை, அவன் காலைப் பார்த்தார். செருப்பை வாசலில் கழற்றியிருந்தான். வார் அழுந்திய இடம் பள்ளமாக, மேலேறாமல், அப்படியே இருந்தது. அக்கா கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து இடது கையை நீட்டினார்.

"வலது கை வேணும் எனக்கு. ஊறுகா இன்னும் பாதி கெடக்கு."

நான் ட்யூபை எடுத்து நகத்தால் இரண்டு தட்டு தட்டினேன். "பேரு சொல்லுங்க கா."

"ஏன், என்னத் தெரியாதா உனக்கு?"

"சொல்லுங்க கா. அப்பா பேரும்."

"சரோஜா. அப்பா பேரு முனுசாமி."

"எங்க அப்பா பேரும் அதான்" என்றான் வேலு வெளியிலிருந்து. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா வாசலுக்குப் போய்விட்டார்.

ட்யூப்களைத் துண்டில் சுற்றிக் காலி எஸ்கியில் வைத்தேன். மகளை வழியனுப்ப லாபாசாவிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு கிண்ணம் நிறைய எதையோ எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "வெயிலா இருக்கேப்பா, கொஞ்சம் ஐஸு போட்டுக்க."

மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அம்மா திகைத்து நின்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஆமா, அன்னிக்கு அனுப்பின மீனு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சி மா" என்றேன். வேலு திரும்பி என்னைப் பார்த்தான். நேரமாகிறது என்று நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

திரும்பும்போது வேலுவுக்கு மூச்சு வாங்கியது. நான் ஓட்டினேன். வழியில் நாவுவா ஊருக்கு இந்தப் பக்கம் செக்போஸ்ட்டில் ஒரு சிப்பாய் எஸ்கியைத் திறக்கச் சொன்னான். எங்கள் வயதுதான் இருக்கும். துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டான். "அவனோட அக்காவுது. அவன் பொழைக்கறதுக்கு" என்றேன். சிப்பாய் துண்டை மறுபடி சுற்றி, இரண்டு கையாலும் மூடியை மூடினான். மெதுவாக ஓட்டு, பாலத்துக்கிட்டே குழி இருக்கிறது என்றான்.

வியாழக்கிழமை காலையில் லிட்டியா அம்மா மைக்ரோஸ்கோப்பை எனக்கு விட்டுக்கொடுத்தார். சிங்க்குக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்லைடைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் உயிரை எண்ணினேன். நூறில் மூன்றோ நாலோதான் கறுப்பு. ஊற்றினேன், காத்திருந்தேன், ஊற்றினேன், காத்திருந்தேன். சாயம் போட்டேன். முதலில் சாதுவின் குழி. மின்னியது. கொல்லும் குழி. கறுப்பு. பிறகுதான் வேலுவின் குழி.

மணலில் வெயில் பட்டதுபோல மின்னியது. தட்டை நகர்த்தி அடுத்த குழி, அதற்கடுத்தது. எல்லாம் மின்னியது. வேலுவின் ரத்தத்துக்குள் சரோஜா அக்காவின் செல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கின்றன, யாரும் யாரையும் தொடவில்லை. பால் டின் விஷயம் ரத்தத்துக்குத் தெரியவே இல்லை.

"என்ன?" என்றார் அம்மா, திரும்பாமல்.

"உசுரோட இருக்காங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"அப்பா பேரோட எழுது."

எழுதினேன், பென்சிலால். அவர் வந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். முனகல் ஆரம்பித்தது. நான் போனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். முதலில் டாக்டர். டாக்டர் வார்டில் இருந்தார், வர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தில் நான் லேபில் இருந்த எல்லா பாட்டிலையும் கழுவினேன்.

அக்கா போனை எடுத்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. பின்னால் விமான நிலையத்து மைக் சத்தம்.

"பெட்டியெல்லாம் உள்ள போயிடிச்சி" என்றார். "அவரு பிள்ளைங்களோட வரிசைல நிக்கறாரு. நான் மட்டும் வெளில நிக்கறேன், உன் போனுக்காக. சொல்லு."

"சேருது கா."

மறுபடி ஒரு மூச்சு கேட்டது. அது எந்த மூச்சு என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னிக்குப் போகலன்னா அவரு தனியா ரெண்டு பிள்ளைங்களோட என்ன பண்ணுவாரு? நான் போய் அவங்கள ஒரு எடத்துல உக்கார வெக்கறேன். சென்னைக்கு என்னிக்கு வரணும்னு வேலுவ சொல்லச் சொல்லு. வருவேன். இன்னொரு தடவ தப்பாப் பாத்துட்டேன்னு மட்டும் போன் பண்ணாத, சாமி. திரும்பத் திரும்ப மனச மாத்திக்க என்னால முடியாது."

இரண்டரை மாதம் கழித்து சென்னைக்கு வந்தார். சென்னை டாக்டர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். அதே பதில்தான் வந்தது, அக்காவின் கிட்னி வேலுவுக்குள் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருஷத்தில், ஐம்பத்தைந்து வயதானவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அரசாங்கம் ஓர் ஆணை போட்டது, லிட்டியா அம்மா போனார். அன்று கேக் வெட்ட வேண்டாம் என்றார். பென்சிலை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாலு வருஷம் கழித்து மெஷினும் வந்தது, டிகிரி இல்லாதவன் பெஞ்சில் உட்காரக் கூடாது என்ற விதியும் வந்தது. பாட்டில் கழுவும் வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். பாட்டிலும் இப்போது ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப்போடுவதுதான், கழுவ என்ன இருக்கிறது? வேலு அதற்குள் அக்காவிடம் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். அவன் மினிபஸ் சும்மா நின்றது. இப்போது நான் ஓட்டுகிறேன்.

ரோஷ்னி, உன் மெஷின் இதையெல்லாம் பார்க்காமலே சொல்லிவிடும் என்று தெரியும். ஆனாலும் அது ஒரு பதில் சொன்னால், எதைக் கேட்டு அந்தப் பதில் வந்தது என்று ஒரு தடவை ஓரத்துக் குழியையும் எட்டிப் பார். இன்னும் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அத்தனை சின்னச் செல்லுக்கு இது நம்மாள், இது வேற்றாள் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உனக்குத் தெரிந்தால் நாளைக்கு பஸ்ஸில் சொல்லு.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுதியதை எல்லாம் படம் பிடித்து வேலுவுக்கு அனுப்பினேன். உன் கதை, உன் அக்கா கதை, போடலாமா என்று கேட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது:

"எல்லாம் போட்டுக்க, ஆனா பிறகு சொல்றேன்னு எழுதியிருக்கியே, ஒம்பது வருஷமா நானும் கேக்கறேன், எங்க அம்மா எனக்கு அனுப்பின மீனு எங்கடா?"